பானுப்பிரியா மறக்கிறவள் இல்லை

சிவகாசியில் காளிராஜின் அச்சகத்துக்குள் பூசை இல்லாமல் ஒரு பொருளும் நுழைந்துவிட முடியாது. வெட்டு மிஷினுக்குப் புதுக் கத்தி வந்தாலும், மை டின் வந்தாலும், முதலில் சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொள்ள வேண்டும். தரை துடைக்கிற மாப்புக்கே பொட்டு வைத்த மனிதர் அவர். பானுப்பிரியாவும் அப்படி ஒரு பொட்டோடுதான் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறாள்.

அவள் தாயில்பட்டிக்காரி. அப்பா, அம்மா இருவருமே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். "எம் மக இந்த வெடிமருந்து வேலைக்கு வரக்கூடாது" என்று அம்மா சண்முகத்தாய் ஒற்றைக்காலில் நின்று, பிளஸ் டூ முடித்த கையோடு அவளை விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டாள். அங்கே இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். பானுவுக்கு ஜோடியாக வாய்த்தவன் ஆமத்தூர் முனியராஜ்.

அது கரண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய் வந்த காலம். யூ.பி.எஸ். என்று ஒன்று மூலையில் பேருக்கு உட்கார்ந்திருக்கும். கரண்டு போன நொடியில் அறை முழுக்க "ஐயோ" என்று ஒரு சத்தம் எழும். பானு மட்டும் பேசாமல் இருப்பாள். ஒரு கோடு போட்டால் சேவ், ஒரு கலர் மாற்றினால் சேவ் என்பது அவள் இடது கைக்குத் தானாகவே படிந்துவிட்ட பழக்கம். "ஏ பானு, தும்முனாக்கூட சேவ் பண்ணுவியோ?" என்று முனியராஜ் கேலி செய்வான். வேண்டுமென்றே பக்கத்தில் தும்முவான். அவளும் வேண்டுமென்றே சேவ் பண்ணுவாள். அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று இப்போதும் சில நாள் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொள்வாள்.

காளிராஜ் அச்சகத்தில் அவள் முதன்முதலில் வரைந்தது ஒரு புஸ்வாணப் பெட்டிக்கான மயில். அந்தப் பெட்டி தாயில்பட்டி கம்பெனிக்கே பேக்கிங்குக்குப் போனது. சண்முகத்தாய் அதைக் கையில் எடுத்து, வெள்ளி மருந்து படிந்த விரல் மயில் மேல் படாமல் ஓரத்தில் பிடித்துக்கொண்டு, "எம் மக போட்ட மயிலு" என்று அறை அறையாகக் காட்டிவிட்டு வந்தாளாம். அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மயில் மட்டும் ஒவ்வொரு சீசனிலும் புது நிறத்தில் வந்துகொண்டிருந்தது.

இந்த வருஷம் வைகாசியில் கோளாறு ஆரம்பித்தது. பெரிய லேபிள் ஷீட்டைத் திறந்து பாதி வேலை நடக்கும்போது திரை நீலமாகி நின்றுவிடும். தானே அணைந்து தானே எழும். செய்த வேலை போயிருக்கும். சில நேரம், சேவ் பண்ணியதாக அவள் நினைத்த பைலே திறக்காது. சரிபார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் ஒரு சின்ன பில் பைலைத் திறந்து பார்க்கும்போது அந்தக் கம்ப்யூட்டர் மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகளைப் போல அடக்கமாக இருக்கும். ஒருவர் விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டார். ஒருவர் பவர் சப்ளையை மாற்றினார். மூன்றாவதாக வந்த புண்ணியவான், "மிஷின்ல ஒண்ணும் இல்ல. ஆபரேட்டர் மிஸ்டேக்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

அந்த வார்த்தை காளிராஜ் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆடியில் மயில் லேபிள் அச்சாகி வந்தபோது, கழுத்தின் குறுக்கே கத்தி வைத்தது மாதிரி ஒரு பச்சைக் கோடு. அடித்த தாள் அத்தனையும் வீண். திரையில் அந்தக் கோடு இல்லை என்று பானு சொன்னாள். காளிராஜ் கோபப்படவில்லை.

"ஒனக்கும் வயசாகுதுல்ல தாயி. இந்தத் தீவாளி லோடு ஏறட்டும். பெறகு வீட்டுல இரு. லேபிள் வேலைய வெளிய குடுத்துக்கிடுதேன்."

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அதைவிடக் கொடுமை, அவர் சொன்னதை அவளும் நம்பத் தொடங்கியதுதான். சேவ் பண்ணினோமா இல்லையா? வீட்டைப் பூட்டினோமா? குழம்புக்கு உப்புப் போட்டோமா? வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். இடது கைக்கே மறந்துவிட்டதென்றால் தன்னிடம் நம்புவதற்கு இனி என்ன மிச்சம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

கடைசியில்தான் முனியராஜை போனில் கூப்பிட்டாள். விருதுநகரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வதோடு சரி. முன் தலை நரைத்து, சின்னத் தொந்தியோடு மறுநாள் காலையில் வந்து இறங்கினான்.

"சேவ் பண்ணித்தானே வச்சிருந்த?"

"தெரியல முனியராஜு. பண்ணாம விட்டுட்டனோ என்னமோ."

அவன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவளை நன்றாகப் பார்த்தான். "நீயா? ஒலகமே மறந்தாலும் நீ மறக்க மாட்ட. அம்புட்டுப் பேரும் ஒன்னய சந்தேகப்பட்டு மிஷின விட்டுட்டாங்க. இருக்கதுலயே பெரிய பைல் எதுவோ அதத் தொற."

மயில் ஷீட்டைத் திறந்தாள். சற்று நேரத்தில் திரை நீலமானது. "சின்ன பைல்னா கொஞ்சம் மெமரி போதும், தப்பிச்சுக்கிடும். பெருசுன்னா எல்லா மெமரியும் வேணும். அதுல எங்கயோ கெட்டுக் கெடக்கு. சேவ் பண்ணும்போது அந்தக் கேடு பைலுக்குள்ளயும் ஏறிரும்; மயில் கழுத்துல விழுந்த கோடும் அதான்" என்றான். பென் டிரைவைச் செருகி மெமரியைச் சோதித்தான். திரையில் பிழை காட்டும் சிவப்பு வரிகள் விழுந்தன. பெட்டியைத் திறந்தான். உள்ளே பழைய மெமரி ஒன்று, வைகாசியில் கூடுதலாக வாங்கிப் போட்டது ஒன்று. புதியதைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையதை மட்டும் சோதித்தான்.

அந்தச் சோதனை ஓடி முடிவதற்குள் மதியமாகிவிட்டது. எண்ணெய்ப் பரோட்டா வாங்கி வந்து சாப்பிட்டார்கள். சென்டர் மாடிப்படி, கரண்டு போனால் எழும் அந்த "ஐயோ" என்று பேச்சு எங்கெங்கோ போய் வந்தது. பேசிக்கொண்டே இருவரும் திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சிவப்பு வரிகூட இல்லை.

பழையதைக் கழற்றிப் புதியதைத் தனியாகப் போட்டான். சிவப்பு கொட்டியது. வேறு குழியில் மாற்றிப் போட்டும் அதே கதைதான். வெளியே எடுத்து, அடியிலுள்ள தங்க நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்தான். மஞ்சளாகத் துகள் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தான்.

"பானு, ஒங்க மொதலாளியக் கூப்பிடு."

காளிராஜ் வந்து பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வைகாசியில் மாட்ட வந்தவரிடமிருந்து அதை இரண்டு கையாலும் வாங்கி, நகை மாதிரி மின்னிய அந்த ஓரத்திலேயே குளிரக் குளிரச் சந்தனம் வைத்துக் கொடுத்தது அவர்தான். மாட்ட வந்தவரும் முதலாளி மனம் கோணக் கூடாதென்று, ஈரத்தோடேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

காளிராஜ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் தாயி, கோளாறு மிஷின்லதான்னு ஒரு வார்த்த என்கிட்ட சண்ட போட்டிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னத நானும் நம்பிட்டேன் மொதலாளி."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்பு என்னோடது. தீவாளி முடிஞ்சும் வா. எப்பவும் வா" என்றார். முனியராஜ் பையிலிருந்து வேறொரு மெமரியை எடுத்தபோது அவர் கை தானாகச் சந்தனக் கிண்ணத்துக்குப் போனது. சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பொட்டிக்கு வெளிய வச்சுக்கிடுங்க" என்றான் முனியராஜ்.

கம்ப்யூட்டர் எழுந்தது. பானு மயிலைத் திறந்து கழுத்தில் ஒரு கோடு இழுத்தாள். அவள் நினைப்பதற்கு முன்பே இடது கை சேவ் பண்ணியிருந்தது. பின்னாலிருந்து முனியராஜ் பெரிதாக ஒரு தும்மல் போட்டான். அவள் திரும்பிப் பார்க்காமலே இன்னொரு முறை சேவ் பண்ணினாள். சிரிப்புத்தான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.