அமிலத் தொட்டிக்கு அடுத்த கொட்டாய்

அளவுச் சங்கிலியைத் தரையில் இழுக்கும்போது எழும் சத்தம், கழற்றி வைத்த கொலுசை யாரோ மனம் மாறித் திரும்ப எடுப்பதுபோல, இன்றும் என் காதில் கிடக்கிறது. எது வீடு, எது தொழிற்சாலை என்று காகிதத்தில் கோடு கிழிப்பது எங்கள் தொழில். கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்களிடம் திட்டு வாங்குவது துணைத்தொழில். ஊரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் வரைந்து தேய்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வெற்றிடம்

எண்பதுகளில், சந்தவாசலுக்கு அப்பால் மலையடியில் ஒரு கம்பெனி இடம் கேட்டது. தோல் பதனிடும் ஆலைகளுக்கு அமிலம் தயாரிக்க. அமிலத் தொட்டிக்கு இத்தனை தூரத்துக்குள் குடியிருப்பு இருக்கக்கூடாது என்பது விதி. தொட்டி வரவேண்டிய மூலையை ஒட்டி, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை, அதில் குடிசைபோல ஒரு கொட்டாய். வாசலில் கோழி, கொடியில் புடவை, கூரை வழியே அடுப்புப் புகை.

அங்கிருந்த குப்பம்மா ஜவ்வாது மலைக்காரர். புருஷன் போனபின் மகள் செல்வியோடு கீழே வந்து, குத்தகைக்குப் பயிர் வைத்து, வருஷம் முழுக்க அங்கேயே இருந்தார். பொங்கலுக்கு மட்டும் மலை ஏறுவார். பொங்கல் பானை எந்த அடுப்பில் ஏறுகிறதோ அதுதான் வீடு என்பது அவர்கள் குடும்ப வழக்கம். "இது உங்க வூடாம்மா?" என்று எங்கள் ஓவர்சியர் கேட்டதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது கொட்டாங்க. எங்க வூடு மேல இருக்குது." ஓவர்சியர் நிம்மதியாகக் கொட்டாயை விட்டுவிட்டு வரையச் சொன்னார். ஆள் இருக்கிறார்களே சார், என்றேன்.

"அந்தம்மாவே இல்லேன்னுது, உங்களுக்கு இன்னாம்மா வலிக்குது?"

காற்று

தொட்டி வந்தது. விடியற்காலைக் காற்று மலையிலிருந்து இறங்கி, தொட்டியைத் தடவிக்கொண்டு கொட்டாய்க்குள் நுழையும். மல்லாட்டை இலைகள் ஓரம் கருகின. செல்வி இருமத் தொடங்கினாள். போபால் செய்தியைப் படித்துவிட்டு அலுவலகத்தில் எல்லோருக்கும் தூக்கம் கெட்டிருந்த சமயம் அது. எங்களை மறுஆய்வுக்கு அனுப்பினார்கள்.

கம்பெனி மேனேஜருக்கு வீடு வேலூரில். நன்றாகத் தூங்கிய முகம். மோர் கொடுத்து, நான் வரைந்த படத்தையே எனக்கு விரித்துக் காட்டினார். பாருங்கள், குடியிருப்பே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் குப்பம்மா நின்றுகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"அப்ப ராத்திரி பூரா இருமிக்கினு இருக்கறது இன்னா சாரு, கோழியா?"

பானை

பொங்கலன்று வரச் சொல்லியனுப்பினார் குப்பம்மா. பண்டிகை நாள் போன எரிச்சலில் ஓவர்சியர் பஸ்ஸில் என்னோடு பேசவே இல்லை. கொட்டாய் வாசலில் கோலம். மலை வீட்டிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்த பானை கல்லடுப்பில் ஏறியிருந்தது, இன்னும் பொங்கவில்லை. பக்கத்தில் அவருடைய கொழுந்தன், உட்காராமல் நின்றார்.

"அண்ணி, யோசிச்சிக்க. பானை இங்க பொங்கிட்டா மேல ஊர்க் கணக்குல உனக்குத் தலைக்கட்டு இல்ல. கோயில்ல பங்கு இல்ல, வூட்ல பங்கு இல்ல. வந்தா விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போய்டணும்."

குப்பம்மா சுள்ளியை உள்ளே தள்ளினார். புகை பட்டு செல்வி இருமினாள். அவள் முதுகை நீவிக்கொண்டே பானையைப் பார்த்திருந்தார். நுரை விளிம்பைத் தாண்டி வழிந்து அடுப்பில் சீறியது. கொழுந்தன் துண்டை உதறித் தோளில் போட்டு நடந்தார். அவர் வரப்பு திரும்பும்வரை பார்த்துவிட்டு, குப்பம்மா ஓவர்சியர் பக்கம் திரும்பினார்.

"இப்ப எழுதிக்கோங்க. இது வூடு."

எங்கள் விதிப்புத்தகம் நகர்த்த முடியாத தொட்டியை ஒரு பானைப் பொங்கல் மனையின் மறுகோடிக்கு நகர்த்தியது என்பதுதான் நான் பார்த்த உத்தியோகத்தின் லட்சணம். செல்வியின் இருமல் நின்றது. குப்பம்மா சில வருஷம் கழித்து அந்த வீட்டிலேயே இறந்தார். மலைக்குக் கொண்டுபோகவில்லை, சந்தவாசலில் புதைத்தார்கள்.