நாத்தனார் கையில குடுத்த கத்தரிக்கோல்

காலையில என் தையல் கடைக்கு நாத்தனார் கச்சிராயபாளையத்துல இருந்து பஸ் ஏறி வந்தாங்க. பையிலேருந்து ஒரு பழைய கத்தரிக்கோலை எடுத்தாங்க. முழுக்க இரும்பு, நல்ல கனம். அவங்க மாமனார் துணி வெட்டினது.

"எங்க வூட்ல தைக்க ஆளில்ல. நீ வச்சுக்க"ன்னு நீட்டினாங்க.

"கையில குடுக்காதீங்க அண்ணி, நமக்குள்ள சண்டை வரும். மேசை மேல வையிங்க."

"நாம போடாத சண்டையா? இனிமே புதுசா இன்னா வந்துடப் போவுது? புடி!"

கையிலயே திணிச்சுட்டுப் போயிட்டாங்க.

என்ன விலை போகும்னு தெரிஞ்சுக்க எனக்கும் ஆசைதான். போட்டோ எடுத்து, பழைய சாமான் வாங்குற குரூப்ல விலை கேட்டேன்.

ஒருத்தர் சொல்றாரு: "நல்ல விலை போகும் மேடம். துருவைத் தேய்ச்சுடாதீங்க, சாணை புடிச்சுடாதீங்க. அப்படியே கண்ணாடிப் பெட்டியில வையிங்க."

சாயந்தரமே சாணை புடிச்சாச்சு சார். துருவும் போச்சு, உங்க விலையும் போச்சு. வெட்டுறதுக்குப் பொறந்ததை நான் எதுக்குப் பெட்டியில பூட்டணும்?

முதல் வெட்டு நாத்தனாருக்கே ஒரு ஜாக்கெட். அளவு கேக்க போன் போட்டேன்.

"போன தடவ மாதிரி கை புடிக்கிற மாதிரி தைக்காத. ஒனக்கு எத்தினி வாட்டி சொல்றது?"

நானும் விடல. அரை மணி நேரம் சண்டை ஓடுச்சு.

கத்தரிக்கோல் நல்லாவே வேலை செய்யுது. இப்ப சொல்லுங்க சார், என்ன விலை தருவீங்க?