மாமா கொண்டுவந்த மணல்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தச் சங்கதியை என்னைவிட நன்றாகச் சொல்ல இப்போது யாரும் இல்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒற்றை அறை வீடு. எங்களோடு இருந்த அம்மாவின் தம்பி ஒரு கல்லூரி விலங்கியல் கூடத்தில் தற்காலிகப் பியூன். தாதர் கடற்கரை ஈர மணலில், ஒரு மணல்துகளுக்கும் அடுத்த துகளுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் குடியிருக்கின்றனவாம். ஒரு ஜாடி மணல் கொண்டுவரச் சொல்லியிருந்தார் பேராசிரியர். இதை ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம் என்று மாமா நம்பியிருந்தார்.

விடிகாலையில் மணலோடு வந்தவர், ஜாடியை வாசலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவர் சொன்னதில் புழு என்பது மட்டும் என் மனதில் நின்றது. புழு விழுந்த அரிசியை என்ன செய்வோம்? களைவோம். அம்மா வரிசையில் நின்று பிடித்து வைத்த தண்ணீரில் மணலை மூன்று தடவை களைந்தேன்.

தலை துவட்டிக்கொண்டே மாமா வந்தார். "ஏட்டி, என்னத்தச் செஞ்ச?"

"புழு எல்லாம் போயிட்டு மாமா!"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "யக்கா, என் வேலை போச்சு."

"களைஞ்ச தண்ணி எங்கட்டி?" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் களைந்த தண்ணீரைக் கொட்டும் வழக்கம் கிடையாது. பாத்திரம் தேய்க்க வாளியில் சேர்த்துவைப்போம். இதுவும் அங்கேதான் இருந்தது. அம்மா ஒரு கை கல்லுப்பை அள்ளி அதில் போட்டாள்.

"கடல் தண்ணி ஆயிட்டுல்லா? தூக்கிட்டு ஓடுலே."

மாலையில் மாமா சிரித்துக்கொண்டே வந்தார். நல்ல தண்ணீர் பட்டதும் புழுக்கள் மணலை விட்டு வந்துவிட்டனவாம். மைக்ராஸ்கோப்பில் வாளித் தண்ணீரைப் பார்த்தால் நூல் நூலாகப் புழுக்கள். பாதிக்கு உயிர்கூட இருந்ததாம். இந்த வழி எப்படித் தெரியும் என்று பேராசிரியர் கேட்டாராம்.

"எங்க ஊர்ல இப்படித்தான் சார் செய்வோம்னுட்டேன்" என்றார் மாமா.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கோ ஆத்திரம். களைந்தது நான், பெயர் ஊருக்கா? அன்றிரவு முழுக்க மாமாவோடு பேசவில்லை. ஜாடியை ஒரு சின்னப் பெண் கையில் விட்டுப் போனதாக உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வேலை என்னவாகியிருக்கும் என்பது எனக்கு எட்டவில்லை.

மறுநாள் மாமா, என்னிடம் களையக் கொடுக்க, இரண்டு ஜாடி மணல் கொண்டுவந்தார். அன்று பார்த்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை.