வென்டெல் நாடு மாறப் பார்த்த கதை

பார்க்கான் ஊரில் வென்டெலைத் தெரியாதவர்கள் குறைவு. டான்யூப் ஆற்றில் பாலம் இல்லாத காலத்தில், அக்கரை எஸ்தெர்கோமுக்குப் போன படகில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். இக்கரை ஸ்லோவாக்கியா, அக்கரை ஹங்கேரி. இரண்டு கரையிலும் பேசுவது என்னவோ ஒரே ஹங்கேரிய மொழி. போரில் தகர்ந்த பாலத்தை ஒருவழியாக மறுபடி கட்டித் திறந்த நாளில் ஊரே கொண்டாடியது. வென்டெலுக்கு மட்டும் வேலை போயிற்று. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் பாலத்தில் நடந்து போய், அக்கரையில் ஒரு பியர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு ஊர் வெந்நீர்க் குளத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. நோயாளி அம்மாவைக் கவனித்துக்கொண்டே வயது போனதில், கல்யாணம் என்பது பேச்சளவிலேயே நின்றுவிட்டது.

அம்மா போய்ச் சேர்ந்த மறு குளிர்காலத்தில்தான் எதெல்கா அந்தக் குளத்துக்கு வந்தாள். எஸ்தெர்கோமில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. தோள்வலிக்கு வெந்நீரில் உட்காரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"தண்ணி ஆறிக் கெடக்கே, யாரு இதுக்குப் பொறுப்பு?" என்று குளத்துக்குள் இருந்தபடியே சத்தம் போட்டாள்.

"நான்தாம்மா."

"அப்ப கையவிட்டுப் பாருங்க."

வென்டெல் மண்டியிட்டு, சட்டைக் கையை மடக்கக்கூடத் தோன்றாமல் முழங்கை வரை விட்டுப் பார்த்தார். தண்ணீர் நல்ல சூடாகத்தான் இருந்தது. "ஆமா, ஆறித்தான் போயிருக்கு" என்றார்.

அப்படி ஆரம்பித்தது. அதன் பிறகு சனிக்கிழமைகளில் இவர் பாலத்தைக் கடந்து அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இங்கே வந்து மீன் சூப்பு குடிப்பதும் வழக்கமாயின. இரண்டு பேருக்கும் அறுபது தாண்டியிருந்தது. சேர்ந்து வாழ்ந்தால் என்ன என்று யார் முதலில் சொன்னார்கள் என்பது அவர்களுக்கே ஞாபகமில்லை. ஆனால் சொன்ன நாளிலிருந்து வென்டெலின் தலைக்குள் ஒரு தராசு ஆட ஆரம்பித்தது.

போனால் நல்லது நிறையத்தான் இருந்தது. இங்கே ஏதாவது அரசாங்க ஆபீஸுக்குப் போவதென்றால், ஸ்லோவாக் மொழியில் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போவார். கவுண்டர் முன்னால் போய் நின்றதும் பாதி மறந்துவிடும். அங்கே அந்தத் தொல்லை இல்லை. டாக்டரிடம் வலி எப்படிப்பட்ட வலி என்று தாய்மொழியில் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் எழுந்தால் எதிரில் எதெல்கா இருப்பாள்.

போகாமல் இருப்பதற்கும் காரணங்கள் குறைவில்லை. பிறந்த வீடு, கோழிகள், பேரிக்காய் மரம், தரைக்கடியில் ஒயின் வைக்கும் அறை. எதெல்கா இருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. மேல்வீட்டுக்காரர் தும்மினால் கீழே கேட்கும். இன்னொன்று, வெளியே சொல்லாத காரணம். இங்கே ஸ்லோவாக்குகளுக்கு அவர் ஹங்கேரியன். அங்கேயோ, ஒரு தடவை எஸ்தெர்கோம் சந்தையில் தக்காளியைப் பொறுக்கியெடுத்ததற்கு, "ஸ்லோவாக்காரங்களுக்கு வேற வேல இல்ல" என்று கடைக்காரி முனகினாள். அவர் தக்காளியை வைத்துவிட்டு வந்துவிட்டார். எதெல்காவிடம் சந்தையில் நல்ல தக்காளியே இல்லை என்றார்.

பக்கத்து வீட்டில் இருந்த அக்கா மார்கித்துக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

"ஏன்டா, இங்கேருந்து பாத்தா அவங்க பெரிய மாதா கோயிலு தெரியுது. அங்கேருந்து பாத்தா நம்ம அடுக்குமாடி பெட்டிப் பெட்டியாத் தெரியும். எந்தப் புத்தி உள்ளவன் அந்தப் பக்கம் போவான்?"

"கோயிலப் பாக்கப் போகலக்கா."

"தெரியும் தெரியும், யாரப் பாக்கப் போறேன்னு. கோழிக்கு யாரு தீனி வைப்பா? நான் வைக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சனிக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு, இதையெல்லாம் எதெல்காவிடம் விலாவாரியாகச் சொல்வார். குளத்து வேலை முடிந்து வந்த பென்ஷனை எப்படி மாற்றுவது, இங்கே யூரோ அங்கே ஃபோரிண்ட், பேரி மரத்துக்கு மருந்தடிக்கிற பருவம் எப்போது என்று ஒன்று விடாமல் சொல்வார். அவள் தட்டுகளைக் கழுவியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். நல்லதையும் கெட்டதையும் மாற்றி மாற்றி நிறுப்பதே அவருக்கு ஒரு சுகமாகிவிட்டது. ஒருவழியாக, ஈஸ்டர் முடிந்ததும் முடிவைச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

ஈஸ்டருக்கு முன்பே கொரோனா வந்தது. மார்ச் மாதத்தில் எல்லைகளை மூடினார்கள். பாலத்தின் வாயில் தடுப்பு வைத்துப் போலீஸ்காரர்கள் நின்றார்கள். வேலைக்கான சான்று உள்ளவர்கள் மட்டும் போய்வந்தார்கள். எதெல்காவைப் பார்க்கப் போவதற்குச் சான்று கொடுப்பார் யாரும் இல்லை.

மாலையானால் வென்டெல் ஆற்றங்கரைக்குப் போய் போனில் கூப்பிடுவார். அவள் எதிர்க்கரைக்கு வருவாள். நடுவே ஆறு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

"எங்க நிக்கிறீங்க? ஒண்ணும் தெரியலயே."

"மஞ்சக் கோட்டு போட்டிருக்கேன் பாருங்க. படகுல போட்டிருந்தது."

"ஆங், தெரியுது. அதென்ன, தொப்பை முன்னால வருதே?"

"அது கோட்டோட குத்தம்."

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது ஆற்றைப் பார்க்கவே அவருக்குப் புதிதாக இருந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை கடந்த தண்ணீர். படகு இருந்திருந்தால் இப்போதே போயிருக்கலாம் என்று நினைப்பார். படகு இருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள் என்பது அடுத்த கணமே உறைக்கும்.

ஏப்ரலில் ஒரு மாலை அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில்தான் எடுத்தாள். காய்கறிப் பையோடு படியேறும்போது வழுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"ஒண்ணுமில்ல. ரொட்டிய ஒத்தக் கையால வெட்டப் பழகிட்டிருக்கேன்" என்றாள். குரல் அப்படிச் சொல்லவில்லை.

போனை வைத்ததும் வென்டெல் வீட்டுக்குள் கூண்டில் அடைபட்டவர் மாதிரி நடந்தார். பிறகு தெஜோவின் நினைவு வந்தது. தெஜோ அக்கரைக்காரன்; படகில் கூட வேலை பார்த்தவன். சீட்டாட்டத்தில் வந்த ஒரு சண்டையில் பேச்சு நின்று, அப்படியே விட்டுப்போயிற்று. மார்கித்திடம் தெஜோவின் அண்ணிக்காரியின் நம்பர் இருந்தது. அவள் மூலமாக அவன் நம்பர் கிடைத்தது.

"தெஜோ, நான் வென்டெல்."

"செத்துட்டியோன்னு நெனச்சேன்."

"இன்னும் இல்ல. ஒரு உதவி வேணும்டா."

"அந்த ஆட்டத்துல நீ ஏமாத்துனேன்னு ஒத்துக்கோ, என்ன வேணும்னாலும் செய்றேன்."

வென்டெல் ஏமாற்றவில்லை. இன்று வரை அப்படித்தான் சொல்கிறார். ஆனாலும் அன்று, "ஆமா, ஏமாத்துனேன்" என்றார். அன்றிலிருந்து தெஜோவின் மனைவி சமைத்ததில் ஒரு பங்கு, மூன்று மாடி ஏறி எதெல்காவின் கதவுக்கு வெளியே போய்ச் சேர்ந்தது.

ஜூன் தொடக்கத்தில் தடுப்பை எடுத்தார்கள். பாலம் திறக்கும் செய்தி வந்த ராத்திரியே பெட்டி கட்டிவிட்டார் வென்டெல். கோழிகளை மார்கித் எடுத்துக்கொண்டாள், திட்டிக்கொண்டேதான் எடுத்துக்கொண்டாள். காலையில் பாலத்தில் ஒரே கூட்டம், எல்லோர் கையிலும் ஏதோ ஒரு பை. மூன்று மாடியையும் நிற்காமல் ஏறி, மூச்சு வாங்க எதெல்காவின் முன்னால் பெட்டியை வைத்தார்.

"யோசிச்சது போதும். வந்துட்டேன். இனி இங்கதான்."

எதெல்கா அவரையும் பெட்டியையும் பார்த்தாள். கட்டுப் பிரித்த கை மெலிந்து வெளுத்திருந்தது. அழுதாள், பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "உக்காருங்க" என்றாள். "ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷமா நீங்க வரலாமா வேணாமான்னு எல்லாம் சொன்னீங்க. பேரி மரம் வரைக்கும் சொன்னீங்க. நீங்க வர்றீங்களான்னு என்னை ஒரு தடவ கேட்டீங்களா?"

வென்டெல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இந்தப் படியில நான் எத்தன நாள் ஏறுவேன்? உங்க வீட்டுல முற்றம் இருக்கு, மரம் இருக்கு. கேப்பீங்க, கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கல. அப்புறம், இவருக்கு வரவும் இஷ்டமில்ல, என்னைக் கூப்பிடவும் இஷ்டமில்ல, சாக்குச் சொல்றாருன்னு நெனச்சிட்டேன்."

"அய்யோ, அப்படி இல்ல" என்றார். "நீங்க எஸ்தெர்கோம்காரங்க. பெரிய கோயிலு, பள்ளிக்கூடம், பாட்டுக்குழுன்னு இருந்தவங்க. எங்க ஊர்லேருந்து ஆளுங்க வெளிய போவாங்க. யாராவது உள்ள வருவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

"டீச்சர் சொல்றேன், உங்களுக்குக் கணக்கு வராது" என்றாள் எதெல்கா.

அந்தக் கோடை முழுவதும் அவர் அந்த மாடியிலேயே இருந்தார். அவள் கை தேறியதும், தெஜோவின் வேனில் அவளுடைய புத்தகங்களும் ஒரு நாற்காலியும் பாலத்தைக் கடந்தன. வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விட்டாள். "பிடிக்கலேன்னா திரும்பிப் போக ஒரு கதவு வேணும்" என்று அவரிடமே சொன்னாள். அவருக்கு அது கொஞ்சம் வலித்தது. நியாயம் என்றும் பட்டது.

இப்போது தராசு அவள் கையில். ஸ்லோவாக்கில் வரும் கடிதங்களைக் கண்டால் அவளுக்கு எரிச்சல் வரும். படித்துச் சொல்லும் வென்டெலுக்கும் பாதிதான் புரியும் என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். அறுபத்தைந்து வயதில் தனக்கென்று ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். வியாழக்கிழமைதோறும் பாட்டுக்குழுவுக்கு அக்கரை போகிறாள். மார்கித் அவளை "அக்கரைக்காரி" என்றுதான் குறிப்பிடுவாள். ஆனால் கோழிகளைத் திருப்பிக் கொடுத்த கையோடு, எந்தக் கோழி எங்கே ஒளிந்து முட்டையிடும் என்பதையும் அக்கரைக்காரிக்கு மட்டும் காட்டிக் கொடுத்திருக்கிறாள்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை தெஜோவும் அவன் மனைவியும் சாப்பிட வந்திருந்தார்கள். சூப்பில் மிளகாய்த்தூளைத் தாராளமாகக் கொட்டிக்கொண்டே தெஜோ கேட்டான்:

"எப்படி டீச்சரம்மா, வந்தது லாபமா நஷ்டமா?"

வென்டெல் கரண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

எதெல்கா நிதானமாக ஒரு மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "இன்னும் முடிவு பண்ணல. மார்கித்தோட ஒரு குளிர்காலம் கழியட்டும், அப்புறம் சொல்றேன்" என்றாள்.

"கேட்டுச்சுடி!" என்றாள் மார்கித், சமையலறைக்குள்ளிருந்து.