விட்ச் ஹேசல் புதரிடம் கேட்டது

நவம்பர் பின்னேரம். கனடாவின் ஸ்கார்பரோவில் ஓர் ஓடைப்பள்ளம். மரங்களெல்லாம் இலை கொட்டி நிற்க, விட்ச் ஹேசல் புதர் மட்டும் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. அதன் பட்டையை அவித்து ஒற்றினால் வீக்கம் வற்றும் என்பது இங்குள்ள பூர்வகுடிகளின் பழைய வைத்தியம். சுளுக்கிய என் காலுக்காக என்னைக் கூட்டிவந்திருக்கிறார், நான் தங்கியிருக்கும் வீட்டு ராணி அன்ரி.

வெட்டுமுன், ஊரில் மூலிகை பிடுங்குகிறவர்களைப் போல, நோயாளியின் பெயரைச் சொல்லிப் புதரிடம் அனுமதி கேட்கிறார்.

"பரமநாதனுக்கு வேணும். தருவியோ?"

அது என் பெயரல்ல. போன மாசியில் இறந்துபோன அவருடைய கணவரின் பெயர்.

காற்றே இல்லை. புதரில் ஒரு காய் 'டக்' என்று வெடித்து, விதை சருகில் விழுகிறது.

"அன்ரி, பேர் மாறிப்போச்சு."

"ஓம். வருசா வருசம் அவற்ரை முழங்காலுக்குத்தானே கேக்கிறனான். வாய் பழகிப்போச்சு."

"திரும்பக் கேளுங்கோவன்."

"ஏலாது. அது தந்திட்டுது. ஆருக்குக் கேட்டனோ, அவருக்குத்தான்."

நாலைந்து கொப்புகளை வெட்டுகிறார். காரின் முன்சீட்டில் அவற்றை நிமிர்த்தி வைத்து, பெல்ட்டை இழுத்துப் பூட்டுகிறார்.

"தம்பி, நீர் பின்னுக்கு ஏறும்."