நெட்வொர்க் பெட்டிக்கு வச்ச சந்தனம்

கம்ப்யூட்டர், கேபிள் பாக்குற எனக்குக் காலையிலயே ஓட்டம்தான்.

எங்க ஆஸ்பத்திரி சர்வர்ல இருந்து டாக்டர் ரூமுக்கு ஸ்கேன் படம் நகரவே மாட்டேங்குது. வடமதுரை ரோட்டுல பைக்ல விழுந்தவருக்குத் தலையில அடி, அவரோட ஸ்கேன்தான் அது.

“இம்புட்டு நேரமா தம்பி?”ன்னு அவர் சம்சாரம் என் பின்னாடியே வருது.

வராண்டாவுல நெட்வொர்க் பெட்டியைப் பார்த்தா, சர்வர் கேபிள் சொருகுற ஓட்டைக்குள்ள சந்தனம்! நேத்து ஆயுத பூஜை.

“பொட்டு வைக்காம விட மனசு கேக்குமா?”ன்னாங்க ஸ்கேன் ரூம் செல்வி அக்கா.

கேபிளைத் துடைச்சு வேற ஓட்டையில சொருகினேன். படம் சர்ருன்னு போயிருச்சு. “பயப்பட ஒண்ணுமில்ல”ன்னார் டாக்டர்.

அடிபட்டவர் சம்சாரம் அழுதுக்கிட்டே மடியில இருந்த துன்னூறை எடுத்து, நேரா அந்தப் பெட்டிக்குப் பூசப் போச்சு. பாய்ஞ்சு தடுத்தேன்.

உங்க ஆபீஸ்ல பொட்டு எங்க வைக்கிறீங்கப்பா?