பூநாரைக்கு வைத்த பொட்டு

ஒரு பூநாரையின் நெற்றியில் நான் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறேன். உயிருள்ள பூநாரை என்றால் என் துணிச்சலைப் பாராட்டவாவது யாராவது இருந்திருப்பார்கள். இது நூறு வருடங்களுக்கு மேலாக ஒரு பறவையியல் சஞ்சிகையின் நடுவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த பூநாரை. கையால் நிறம் தீட்டிய படம்; இறக்கையின் ரோசா நிறம் நேற்றுத்தான் காய்ந்தது போலிருக்கும். புத்தகம் என்னுடையதல்ல. நான் வேலை செய்த நூலகத்தினுடையதும் அல்ல. இன்னொரு நகரத்து நூலகம் எங்களை நம்பி இரவல் தந்தது. பொட்டு வைத்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. சிறுபிள்ளை தெரியாமல் செய்துவிட்டது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் அதன்மேல் குனிந்திருந்த அக்காவின் முகமும் சேர்ந்தே வருகிறது. அக்கா எனக்குச் சொந்தமில்லை. மொன்ட்ரியாலில் நான் வேலை பார்த்த நூலகத்தின் நிலவறையில், பழைய சஞ்சிகைகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் பகுதிக்குப் பொறுப்பானவர். மன்னார்க்காரர், ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர். நகரத்தின் வடகிழக்கிலுள்ள மொன்ட்ரியால்-நோரிலிருந்து பஸ்ஸும் மெத்ரோவும் மாறி மாறிப் பிடித்து வருவார். அந்தப் பகுதியில் நாங்கள் இரண்டு பேர்தான். பதினொரு வருடமாக அவர் தற்காலிக ஊழியர். அந்த இலையுதிர்காலத்தில்தான் அவருடைய வேலையை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று மேலிடம் முடிவெடுக்க இருந்தது. இரவல் வந்த புத்தகம் எதுவும் அறைவாசலைத் தாண்டாது என்ற உறுதிமொழியில் கையெழுத்து வைத்திருந்தவரும் அவர்தான்.

அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்தவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பறவையியல் சஞ்சிகைகள். எழுதியவர்கள் எல்லாரும் அந்தக்கால இலங்கையிலிருந்த வெள்ளைக்காரத் துரைமார்: தேயிலைத் தோட்டக்காரர், காட்டிலாகா அதிகாரி, ஓய்வுபெற்ற கப்டன். முதலில் பறவையைச் சுடுவார்கள். பிறகு இறக்கையை அளப்பார்கள், வயிற்றைக் கிழித்து என்ன தின்றது என்று பார்ப்பார்கள். கடைசிப் பந்தியில் அதன் குரல் எத்தனை இனிமையானது என்று உருகுவார்கள். எந்த மாதம் எந்தக் குளத்தில் எந்த வாத்தைத் தாங்கள்தான் முதலில் கண்டோம் என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதிச் சண்டை பிடிப்பார்கள். நான் படமெடுத்துக்கொண்டே சிரிப்பேன். அக்கா சிரிக்கமாட்டார். மூன்றாவது தொகுதியில் மன்னார்ப் பூநாரைகளைப் பற்றிய கட்டுரை வந்தபோது கமராவை நிற்பாட்டச் சொல்லிவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார். இடுப்பளவு சேற்றில் இறங்கிப் பறவையை எடுத்துவந்தது 'என் ஆள்' என்று துரை எழுதியிருந்தார்.

"சேத்துக்க இறங்கினவன் எங்கட ஊர்க்காரன். துரையின்ர பேர் இருக்கு, துரையின்ர நாயின்ர பேர் கூட இருக்கு. இவனுக்குப் பேரில்லை. பாரும் தம்பி."

பார்த்தேன். பார்த்துவிட்டு, இதை வைத்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நல்ல நகைச்சுவைக் கட்டுரை எழுதலாம் என்று நினைத்தேன். என் புத்தி அப்படிப்பட்டது. படமெடுத்து முடிந்த தொகுதிதானே, திங்கட்கிழமை வைத்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை பின்னேரம் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு, நகரத்தின் மேற்குக் கோடியில் கர்க்லாண்டிலுள்ள என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்காவிடம் சொல்லவில்லை.

அது நவராத்திரியின் கடைசி நாட்கள். எங்கள் வீட்டில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கி வைப்பது வழக்கம். விஜயதசமி காலையில் பூசை முடியும்வரை அவற்றை யாரும் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை நாலைந்து குடும்பங்கள் வந்திருந்தன. அடுக்கில் இருந்தவை மகளின் பிரெஞ்சுக் கணக்குப் புத்தகம், மனைவியின் கணக்கியல் புத்தகங்கள், நான் எழுதிய மூன்று மெல்லிய புத்தகங்கள். என் புத்தகங்கள் மூன்றையும் ஒன்றாக அடுக்கினாலும் மகளின் கணக்குப் புத்தகத்தின் தடிப்புக்கு வரவில்லை. விருந்தினர் முன்னால் அது எனக்கு உறுத்தியது. உள்ளே போய் அந்தத் தோல் அட்டைத் தொகுதியை எடுத்துவந்து, பூநாரைப் பக்கத்தை விரித்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

"அன்னம்," என்றேன். "சரஸ்வதியின்ர வாகனம். அந்தக் காலத்துப் படம்."

எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் 'ஆகா' என்றார். அந்த 'ஆகா' போதும், என் மோதிர விரல் தானாகவே சந்தனக் கிண்ணத்துக்குள் போனது. மற்றப் புத்தகங்களுக்கு அட்டையில் வைத்தேன். இதற்கு மட்டும் நேரே பறவையின் நெற்றியில்.

திங்கட்கிழமை காலை அக்கா வாசலிலேயே நின்றார். வெள்ளிக்கிழமை வருவதாக இருந்த மதாம், இரவல் தந்த நூலகத்தின் அதிகாரி, நாளை காலை பத்து மணிக்கே வருகிறாராம். படமெடுத்து முடிந்த ஒவ்வொரு தொகுதியையும் பக்கம் பக்கமாகச் சரிபார்த்து எடுத்துக்கொண்டு போவாராம். "மூண்டாவதை எங்க வைச்சனீர்?" என்று கேட்டார். அலுமாரியில் இருக்கிறது என்றேன். அக்கா அலுமாரிப் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு தன் மேசைக்குப் போய்விட்டார். அன்று முழுக்க என் கமரா எடுத்த படங்களில் பாதி மங்கல்.

பின்னேரம் வீட்டுக்கு ஓடினேன். மனைவி சுவாமி அறை வாசலில் குறுக்கே நின்றார்.

"இஞ்சேருங்கோ, வைச்ச புத்தகத்தை இடையில எடுக்கிறதோ? நாளைக்குக் காலமை பூசை முடியட்டும். பிள்ளையின்ர படிப்புக்குப் பேந்து ஆர் பொறுப்பு?"

"அது அலுவலகப் புத்தகம்."

"ஞாயிற்றுக்கிழமை உங்கட புத்தகம் மாதிரியெல்லோ சொன்னனீங்கள்?"

புத்தகம் அன்றிரவும் சரஸ்வதிக்கு முன்னாலேயே இருந்தது. விடியற்காலையில் பூசையை முடித்து, பக்கத்தைக் கிட்டப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. அதன் ஈரத்தில் குங்குமச் சாயம் இறங்கி, பறவையின் கண்ணுக்கு மேலே மிளகளவில் சிவப்பாக ஒரு வட்டம். அதைச் சுற்றி எண்ணெய் படிந்தது போல ஒரு மஞ்சள் ஓரம். புத்தகத்தை முன் இருக்கையில் வைத்து இருக்கைப் பட்டியும் போட்டுவிட்டேன். நெடுஞ்சாலையில் கார்கள் நகரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் கட்டிய பொய்களை ஒழுங்காக எழுதியிருந்தால் நாலாவது புத்தகம் வந்திருக்கும்.

ஏழரைக்கு அக்காவின் மேசையில் தொகுதியை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும். விளக்கை இழுத்து, மென்மயிர்த் தூரிகையை எடுத்து, தூள் மிச்சத்தை மட்டும் ஒவ்வொரு துகளாகத் தட்டினார். ஈரப் பஞ்சால் ஒற்றினால் போகுமா என்றேன். "ஒத்தினா பூநாரைக்குக் கண்ணும் போயிடும்," என்றார். மஞ்சள் கறை வெயிலில் போகும், எங்கள் வீடுகளில் சட்டையைக் காயப்போடுவதில்லையா என்றேன். "வெயிலில வைச்சா செட்டையின்ர நிறமும் சேர்ந்து போகும். சும்மா இரும் தம்பி."

சும்மா இருந்தேன். இருநூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஒரே ஒரு பக்கம். பத்துத் தொகுதிகளில் ஒன்று. மதாமும் மனிதப்பிறவிதானே, கண் அயராதா, இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டமாட்டாரா? இதை மெதுவாக அக்காவிடம் சொல்லியும் பார்த்தேன். அவர் கேட்காதவர் மாதிரி, புத்தகங்களின் நிலையை எழுதும் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"என்ன நடந்தது, எங்க நடந்தது, ஆர் செய்தது. மூண்டையும் எழுதும். முழுப்பேரும் போடும். துரை மாதிரி 'என் ஆள்' எண்டு நான் எழுதமாட்டன்."

எழுதினேன். அதன் கீழே, பொறுப்பாளர் என்ற இடத்தில், அவர் தன் கையெழுத்தை வைத்தார். என்னால் அந்தக் கையெழுத்தைப் பார்க்க முடியவில்லை. பதினொரு வருடத்தை மடித்து வைத்தது மாதிரி இருந்தது.

மதாம் சொன்ன நேரத்துக்கு வந்தார். உயரமானவர், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். முதல் தொகுதியிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு தாளையும் மேல் மூலையில் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, மெல்ல இறக்கினார். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டக்கூடிய பிறவி அல்ல என்பது பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. மூன்றாவது தொகுதியைக் கையில் எடுத்ததும் அக்கா முந்திக்கொண்டு படிவத்தை நீட்டினார். மதாம் அதை வாசிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு வழக்கம்போலப் புரட்டினார். அந்தப் பக்கம் வந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டினார். குனிந்தார். நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு ஆராய்ச்சிக்காரியின் ஆசைதான் இருந்தது.

"இரத்தமா?" என்று கேட்டார். சுட்ட பறவையை மேசையில் வைத்து, பார்த்து நிறம் தீட்டியபோது தெறித்த துளியாக இருக்கலாம், வேறு பழைய படங்களிலும் அப்படி ஒன்று கண்டதாக ஞாபகம் என்றார்.

இப்படி ஒரு கதவு திறக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஓம் என்று ஒரு சொல். அது கூட வேண்டாம், தலையை அசைத்தால் போதும். துரை மேலே பழி போகும். அவர் செத்து எத்தனையோ காலம், வழக்குப் போடமாட்டார். அக்காவின் வேலை தப்பும், என் தோலும் தப்பும். ஓம் எண்டு சொல்லுங்கோ அக்கா, ஓம் எண்டு சொல்லுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். இரண்டு நாளுக்கு முதல் பூசை அறையில் கூட நான் அப்படிக் கும்பிடவில்லை.

"இல்லை மதாம்," என்றார் அக்கா. "இது போன ஞாயிற்றுக்கிழமை. தயவுசெய்து படிவத்தை வாசியுங்கள்."

மதாம் வாசித்தார். நெடுநேரம் எழுதினார். புத்தகங்கள் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, படமெடுக்காத தொகுதிகளையும் சேர்த்து, எடுத்துக்கொண்டு போனார். எனக்கு மேலிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த மாதம் நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. அக்கா வசந்தகாலத்தோடு ஒப்பந்தம் முடிந்து போகவேண்டியவர் என்று அறிவித்தார்கள்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் நான் மனிதனாக வாழ முயன்றேன். அக்கா வரும் முன்னமே வந்து விளக்குப் போட்டேன், பாரமான தொகுதிகளைத் தூக்கினேன். பின்னேரங்களில் அவரைக் காரில் ஏற்றி, நகரத்தின் எதிர்த் திசையிலிருக்கும் மொன்ட்ரியால்-நோரில் இறக்கிவிட்டு, பனிக்குள் ஊர்ந்து ஊர்ந்து கர்க்லாண்டுக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை. காரில் அதிகம் கதைக்கவும் மாட்டார். அந்த மௌனத்தை நான் என் தண்டனையாக எடுத்துக்கொண்டேன். நகைச்சுவைக் கட்டுரை எழுதவேயில்லை.

பிறகு அவர் மகனோடு தொராண்டோவுக்குப் போய்விட்டார். போன கோடையில் ஒரு கலியாண மண்டபத்தில் அவரைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ரோல்ஸ் வைத்திருந்த தட்டு. இத்தனை வருடம் மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன்: என்னால்தானே அக்கா உங்கட வேலை போனது.

அக்கா ரோல்ஸைக் கடித்து, மென்று, விழுங்கினார்.

"உம்மாலயோ? நல்ல கதை. நிரந்தர வேலைக்கு வைச்ச பிரெஞ்சுச் சோதினையில நான் கோட்டை விட்டு, வேலை இல்லையெண்டு கடிதம் வந்தது உம்மட பூசைக்கு ரெண்டு கிழமைக்கு முன்னமே."

"அப்ப ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா, அந்தப் பனிக்குள்ள என்னை ஆர் ஒவ்வொரு நாளும் காரில கொண்டுபோய் விட்டிருப்பினம்?"